சிலேட்டில் எழுதிய விடை

1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 29-ஆம் தேதி, மதுரையில் ஒரு பதினாறு வயதுப் பிள்ளை, தமையனாரின் கல்லூரிச் சம்பளத்துக்கென்று வீட்டில் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை வழிச்செலவுக்கு எடுத்துக்கொண்டு, மீதி இரண்டோடு ஒரு சிறு கடிதத்தையும் எழுதி வைத்துவிட்டு ரயிலடிக்குப் புறப்பட்டான். தந்தையைத் தேடிப் போவதாகவும், அதற்காக எவரும் விசனப்பட வேண்டாமென்றும், தேடிப் பணத்தை விரயம் செய்ய வேண்டாமென்றும் சொல்லும் அக்கடிதத்தை, பிற்காலத்தில் திருவண்ணாமலை ஸ்ரீ ரமண மகரிஷி என்று உலகம் அறிந்த ஒருவருடைய சரித்திரத்தின் முதல் ஏடாக எல்லோரும் வாசித்திருக்கிறார்கள். இலக்கணக் கண்ணோடு வாசித்தவர்கள் சிலரே. 'நான்' என்று தன்மையில் தொடங்கும் கடிதம், சற்றுத் தூரம் சென்றதும், எழுதுகிறவனையே 'இது' என்று அஃறிணையாக்கிச் சுட்டுகிறது. கையொப்பமிட வேண்டிய இடம் வந்தபோது அங்கே பெயர் இல்லை, ஒரு கோடு மட்டுமே நிற்கிறது. நான்கைந்து வரிக்குள் ஒரு 'நான்' தேய்ந்து மறைந்ததை இவ்வளவு சுருக்கமாகக் காட்டும் வேறொரு தஸ்தாவேஜை நான் கண்டதில்லை.

அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, 1890-இல், அமெரிக்காவில் வில்லியம் ஜேம்ஸ் என்னும் பேராசிரியர் மனோதத்துவ சாஸ்திரத்துக்கு ஒரு பெருநூல் எழுதி, அதில் 'தான்' என்பதைப் பற்றி ஒரு நீண்ட அத்தியாயமும் வைத்திருந்தார். அறிகின்ற நான் வேறு, 'என்னுடையது' என்று அறியப்படுகின்ற நான் வேறு என்று பிரித்த அவர், இரண்டாவதன் எல்லைக்குள் ஒருவனது உடம்பை மட்டுமல்ல, உடை, வீடு, மனைவி மக்கள், முன்னோர், நற்பெயர், நிலபுலம், பாங்கிக் கணக்கு வரையில் அனைத்தையும் அடக்கிக் காட்டினார். மதுரையிலிருந்து புறப்பட்ட பிள்ளை இந்நூலைக் கண்டிருக்கவோ கேட்டிருக்கவோ இடமில்லை. ஆயினும் செப்டம்பர் முதல் தேதி காலையில் அண்ணாமலையார் சந்நிதியில் நின்று வணங்கிவிட்டு, ஊருக்குள் அய்யங்குளத்துக் கரைக்கு வந்து அவன் செய்த காரியங்களைப் பாருங்கள்: தலைமயிரை மழித்துக்கொண்டான், கையிலிருந்த மிச்சக் காசை எறிந்தான், வழியில் கீழூரில் ஒரு நல்ல குடும்பத்தார் அன்போடு கட்டிக்கொடுத்த பட்சணப் பொட்டலத்தையும் எறிந்தான், பூணூலைக் களைந்தான், வேஷ்டியைக் கிழித்து ஒரு கௌபீனம் மட்டும் எடுத்துக்கொண்டான். பேராசிரியர் வரைந்த ஜாபிதாவை ஒவ்வோர் இனமாக எதிரே வைத்துக்கொண்டு அடித்ததுபோல் அல்லவா இருக்கிறது?

ஆயிரக்கால் மண்டபத்துப் பாதாளலிங்கக் குழியிலும், பின்னர் குருமூர்த்தத்திலும் கழிந்த மௌன வருஷங்களை இங்கே விரிக்க வேண்டியதில்லை. அவை பலரால் பலவாறு எழுதப்பட்டவை. என் அக்கறை அதற்கடுத்து மலைமேல் விரூபாக்ஷ குகையில் தொடங்கிய ஒரு வழக்கத்தைப் பற்றியது. தன்னைப் பற்றிய கேள்வியைச் சாதாரண மனிதர்கள் வாய்விட்டுக் கேட்கலாம் என்னும் வழக்கம் அது.

வினாவும் விடையுமாக மெய்ப்பொருளை ஆராய்வது இத்தமிழ் நாட்டுக்குப் புதிதன்று; தென்னார்க்காட்டுச் சீமைக்கோ அது குலதனம் என்றே சொல்லலாம். திருவெண்ணெய்நல்லூரில் இருந்த மெய்கண்டாரிடம் கேட்பதாக, திருவதிகை மனவாசகங் கடந்தார் அமைத்த உண்மை விளக்கம் முழுவதும் மாணவன் வினாவ ஆசிரியர் உரைக்கும் நடையில் உள்ளது. தத்துவங்கள் யாவை, ஆணவம் எது என்று கேட்டுக்கொண்டே வரும் அம்மாணவன், 'நான்' என்பது எது என்பதையும் ஒரு வினாவாகக் கேட்கிறான். ஆனால் சாஸ்திரங்களில் வரும் மாணவன் பக்குவப்பட்டவன். கேட்க வேண்டிய முறையில், கேட்க வேண்டிய வரிசையில் கேட்பவன். விரூபாக்ஷ குகைக்கு ஏறி வந்தவர்களோ சர்க்கார் உத்தியோகஸ்தர்கள்.

முதலில் வந்தவர்களுள் ஒருவர் கம்பீரம் சேஷய்யர். திருவண்ணாமலை முனிசிபாலிடியில் ஓவர்சியர். பகலெல்லாம் தெருவையும் சாக்கடையையும் அளந்துவிட்டு, ஓய்ந்த வேளையில் விவேகானந்தரின் ராஜயோக நூல் போன்ற புத்தகங்களைக் கையில் இடுக்கிக்கொண்டு மலையேறி, தமக்கு விளங்காத இடங்களைக் காட்டுவார். பேசாதிருந்த இளைஞர் துண்டுக் காகிதங்களில் விளக்கம் எழுதிக் கொடுப்பார். 1900-க்கும் 1902-க்கும் இடையில் இவ்வாறு சேர்ந்த காகிதத் துண்டுகளே பிற்காலத்தில் விசார சங்கிரகம் என்னும் நூலாயின. பொதுமராமத்துக் கணக்கில் பழகிய கைக்குக் காகிதத்தை எறியும் சுபாவம் கிடையாது. அந்த நற்பழக்கத்துக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

அடுத்தவர் சிவப்பிரகாசம் பிள்ளை. கல்லூரியில் தத்துவ சாஸ்திரம் பயின்றவர். தென்னார்க்காடு கலெக்டர் கச்சேரியில் ரெவினியூ இலாகாவில் வேலை. 1902 வாக்கில் உத்தியோக நிமித்தமாகத் திருவண்ணாமலைக்கு வந்த இடத்தில், மலைமேல் ஓர் இளம் சுவாமி இருக்கிறார் என்று கேள்விப்பட்டு ஏறிச் சென்றார். அவர் கேட்ட முதற் கேள்வி, 'நான் யார்?' என்பது. தத்துவம் படித்த ஒருவர் பிரமம், மாயை, ஜகத் என்று எத்தனையோ இடத்தில் தொடங்கியிருக்கலாம்; புத்தகப் படிப்பை ஒதுக்கிவைத்துவிட்டுத் தம்மிடமிருந்தே தொடங்கினார் என்பதில்தான் அவருடைய நேர்மை தெரிகிறது. சுவாமிக்கு அப்போது வயது இருபத்திரண்டு. மௌன விரதம் என்று சங்கற்பித்துக்கொண்டவரல்லர். பேச்சு எழவில்லை, அவ்வளவே. சைகையால் விளங்கியது போக, விளங்காததைச் சில வேளை மணலில் விரலாலும், சில வேளை சிலேட்டிலும் எழுதிக் காட்டினார். 14 கேள்விகள் என்று கணக்குச் சொல்வார்கள்.

சிலேட்டில் எழுதும் விடைக்கு ஓர் இயல்பு உண்டு. அடுத்ததை எழுத வேண்டுமானால் முன்னதை அழித்தாக வேண்டும். எனவே பிள்ளையவர்கள் அவ்வப்போது குறித்துவைத்தது மட்டுமே மிஞ்சியது. அதையும் அவர் ஊருக்குக் காட்டி வியாபாரம் செய்யவில்லை. அந்தக் குறிப்பு 'நான் யார்?' என்ற பெயருடன் அச்சேறியது 1923-இல். ஏறத்தாழ இருபது வருஷம் ஒருவருடைய வீட்டுப் பெட்டியில் அது இருந்திருக்கிறது.

இந்த நூலைப் பற்றி ஒரு சிறு செய்தி, எனக்கு அதன் உபதேசங்கள் பலவற்றைக் காட்டிலும் பிடித்தமானது. ஸ்தூல தேகம் நானல்ல, ஞானேந்திரியம் நானல்ல, கர்மேந்திரியம் நானல்ல, பிராணன் நானல்ல, மனமும் நானல்ல என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போகும் நீண்ட பகுதி ஒன்று அதில் இருக்கிறது. வாசிப்போர் பலரும் அதையே நூலின் உயிர்நாடி என்று எண்ணி உருப்போடுகின்றனர். அச்சுக்குப் போகுமுன் அப்பகுதியைக் கண்ட மகரிஷி, 'இதை நான் சொல்லவில்லையே, எப்படி வந்தது?' என்ற கருத்தில் வினவினாராம். சாஸ்திரப் பழக்கமுள்ள பிள்ளையவர்கள், தமக்கு விளங்கும்பொருட்டு அதைச் சேர்த்துக்கொண்டார் என்று அருகிலிருந்தோர் தெரிவிக்க, அவருக்கு அந்த முறை பழக்கமாயிற்றே என்று அதை அப்படியே விட்டுவிட்டார். தம் வாக்கென்று உலகம் படிக்கப் போகிற நூலில், கேட்டவருடைய மனப் போக்குக்கு இடங்கொடுத்து, அடித்துத் திருத்தாமல் விட்ட ஆசிரியரை எங்கே காண்போம்? கேட்பவனை அவன் நிற்கும் இடத்திலேயே ஏற்றுக்கொள்வது என்று இன்றைய உளவியலார் எதைச் சொல்கிறார்களோ, அதன் ஒரு சிறு உதாரணம் இந்தப் பத்திக்குள் கிடக்கிறது.

குகையைப் பற்றி இன்னொரு சங்கதியும் சொல்ல வேண்டும். விரூபாக்ஷ தேவரின் சமாதி உள்ள அக்குகை ஊரிலுள்ள ஒரு மடத்துக்குப் பாத்தியப்பட்டது. கார்த்திகை தீபக் கூட்டத்தில் மலையேறுவோரிடம் தரிசனத்துக்குச் சிறு கட்டணம் வாங்கும் வழக்கமும் இருந்தது. தம்மைக் காண்பதற்குக் காசா என்று சுவாமி வாய் திறந்து தர்க்கம் செய்யவில்லை. குகையை விட்டு வெளியே வந்து ஒரு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். பின்னர் வேறொரு குகைக்கே போய்விட்டார். வருவோர் அவர் பின்னால் போகவே, கடைசியில் கட்டணம் நின்றது, அவரும் திரும்பினார். மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் விதித்து மனத்தாங்கலைக் கேட்கும் நம் காலத்து ஆலோசனை நிலையங்களை நான் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் வீட்டு வாடகை உண்டு. எனினும் இந்தத் தொழிலின் பூர்வ சரித்திரத்தில் ஒரு மரத்தடியும் இருக்கிறது என்பதை மறக்கலாகாது.

1907-இல் காவ்யகண்ட கணபதி சாஸ்திரிகள் வந்து ரமண மகரிஷி என்று பெயரிட்டதும், 1911-இல் வேலூர்ப் போலீஸ் அதிகாரி ஹம்ப்ரீஸ் வந்ததும், 1916-இல் கந்தாச்ரமத்துக்குக் குடிபெயர்ந்ததும், 1922-இல் அன்னையார் மறைந்தபின் மலையடிவாரத்தில் ஆசிரமம் எழுந்ததும் வேகமாக நடந்தேறியவை. ஆசிரமம் அமைந்தபின், பழைய ஹால் என்று இன்று சொல்லப்படும் அந்த நீள அறையில், சோபாவில் அவர் சாய்ந்திருக்க, எதிரே தரையில் வந்தவர்கள் உட்கார, கேள்வி கேட்கும் வழக்கம் பகல் முழுதும் நடக்கும் ஒன்றாயிற்று. வக்கீல் வருவார்; மகனைப் பறிகொடுத்த தாய் வருவாள்; ஐரோப்பியர் வருவார், தரையில் காலை மடக்கத் தெரியாமல் தத்தளிப்பார். நாய்களுக்கும் அணில்களுக்கும் அங்கே தடையில்லை. லக்ஷ்மி என்னும் பசு உரிமையோடு உள்ளே வரும். 1948-இல் அது இறந்தபோது அதற்குச் சமாதியும் எழுப்பப்பட்டது. பந்தியில் தமக்கென்று ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தாலும் அவர் ஏற்பதில்லை. விடியுமுன் சமையற்கட்டில் உட்கார்ந்து காய் நறுக்கியவர் அவர். அவரோடு நறுக்கியவர்களுக்குக் கேள்வி கேட்கத் தனி நேரம் தேவைப்படவில்லை.

அந்த ஹாலில் நடந்த சம்பாஷணைகளை 1935 முதல் 1939 வரை முனகால வெங்கடராமய்யாவும், 1945 முதல் தேவராஜ முதலியாரும் நாள்தோறும் எழுதிவைத்தார்கள். அவற்றை வாசிப்பவர் ஒரு விஷயத்தைக் கவனிப்பார். எந்த ஊரார் எந்தத் துயரத்தைக் கொண்டுவந்தாலும், விடை கடைசியில் கேட்டவரிடமே திரும்புகிறது. எனக்குக் கவலை தீரவில்லை என்றால், அந்தக் கவலை யாருக்கு? எனக்குச் சந்தேகம் என்றால், சந்தேகிப்பவர் யார்? முதல் தடவை கேட்பவருக்கு இது வார்த்தை விளையாட்டாகத் தோன்றும். சிலர் கோபித்துக்கொண்டும் போயிருக்கிறார்கள். நானும் இளமையில் இதை ஒரு சாமர்த்தியமான தப்பித்தல் என்றே கருதியிருந்தேன். குறிப்புகளைப் பக்கம் பக்கமாக வாசித்த பிறகே, எங்கும் ஒரே விடை போல் தோன்றினாலும் அதைச் சொல்லுமுன் அவர் எவ்வளவு நேரம் பேச்சின்றிக் கேட்டிருக்கிறார் என்பது புலப்பட்டது.

வெளியுலகுக்கு இச்செய்தி பரவியது 1934-இல் வெளிவந்த பால் பிரண்டனின் நூலால். 1938-இல் ஸாமர்ஸெட் மாம் வந்தார். வந்தவர் மயக்கமுற்று விழுந்தார். ஊர் திரும்பி நாவல் எழுதினார். அந்தக் கதையை விட, வராமற்போன ஒருவருடைய கதை சுவாரஸ்யமானது. மனோதத்துவத்தில் பிராய்டுக்கு அடுத்தபடியாகப் பெயர் பெற்ற கார்ல் யுங், இந்திய விஞ்ஞான காங்கிரஸின் வெள்ளிவிழாவை ஒட்டி 1937-ஆம் ஆண்டு இறுதியில் இந்தியா வந்தார். தம் சாஸ்திரத்தில் அகங்காரத்துக்கு அப்பால் ஆத்மா என்று ஒன்றை வைத்தவர், தென்னாட்டுக்கும் வந்தவர், திருவண்ணாமலைக்கு மட்டும் வரவில்லை. நண்பர் ஹைன்ரிக் ஸிம்மர் மகரிஷியைப் பற்றி ஜெர்மன் மொழியில் எழுதிய நூல், ஸிம்மர் காலமானபின் 1944-இல் வெளிவந்தபோது, அதன் முன்னுரையில் யுங் இதற்குச் சமாதானம் கூறுகிறார். மகரிஷியைப் போன்றவரை இந்தியா முழுதும் ஏதோ ஒரு வடிவில் கண்டுகொண்டே இருக்கிறோம், தனியே போய்ப் பார்க்க வேண்டுமா என்ற தோரணையில் அமைந்த சமாதானம் அது. எனக்குத் திருப்தி தரவில்லை. ஆனால் அதே முன்னுரையில் ஓர் அரிய இடம் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் மகரிஷியின் சீடர் ஒருவரைச் சந்தித்ததாகச் சொல்கிறார். ஆரம்பப் பள்ளி உபாத்தியாயர் போன்ற அந்தஸ்துள்ள, எளிய, சிறிய மனிதர். வீட்டில் உண்ணக் காத்திருக்கும் பல குழந்தைகள். ஞானத்தையும் சம்சாரத்தையும் சத்தமின்றிச் சேர்த்துச் சுமந்த அம்மனிதரைச் சந்தித்ததில் யுங் நிறைவு காண்கிறார். மலைக்கு வராதவரிடம் மலையே ஒரு குடும்பஸ்தர் வேஷத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்தது என்று நான் சொல்லிக்கொள்வதுண்டு.

சிவப்பிரகாசம் பிள்ளை குகைக்கு ஏறிய அதே 1902-இல், அமெரிக்காவில் சிக்காகோவுக்கு அருகே ஓக் பார்க் என்னும் ஊரில் கார்ல் ரோஜர்ஸ் பிறந்தார். அவரும் ஆபிரகாம் மாஸ்லோவும் பிறரும் பின்னாளில் தொடங்கிய முறையையே மனிதநேய உளவியல் என்று நம் பாடநூல்கள் குறிக்கின்றன. மனிதனை அடிமனத்து வாசனைகளின் கைதியாகக் கண்டது பிராய்டின் மரபு. தூண்டினால் துலங்கும் யந்திரமாகக் கண்டது வாட்ஸனின் மரபு. இரண்டிலும் மனிதனைக் காணோமே என்று எழுந்த மூன்றாவது சக்தி இது. பசி, பாதுகாப்பு, அன்பு, மதிப்பு ஆகிய தேவைகள் தீர்ந்தபின் தன்னிடமுள்ள ஆற்றல் முழுதும் நிறைவேற வேண்டுமென்ற நாட்டம் எழும் என்று மாஸ்லோ 1943-இல் எழுதினார். இதற்கென்று ஒரு தனிப் பத்திரிகை 1961-இல் தோன்றியது.

மாஸ்லோவை விட ரோஜர்ஸ் நமக்கு நெருங்கியவர். ராச்செஸ்டர் நகரில் குழந்தைகளுக்கான நிலையம் ஒன்றில் வேலை பார்த்த காலத்தில், முரட்டுப் பையன் ஒருவனுடைய தாயாரிடம், நீங்கள் அவனைச் சிறு வயதில் ஒதுக்கியதே காரணம் என்று பலவாறு உணர்த்த முயன்று தோற்ற கதையை அவரே எழுதியிருக்கிறார். இருவரும் முயன்று பார்த்தோம், பலிக்கவில்லை, நிறுத்திக்கொள்வோம் என்று அவர் சொல்ல, அம்மாளும் சம்மதித்துக் கைகுலுக்கிவிட்டு வாசல்வரை போய், அங்கே திரும்பி நின்று, இங்கே பெரியவர்களுக்கும் ஆலோசனை உண்டா என்று கேட்டாள். மறுபடி வந்து உட்கார்ந்து தன் இல்வாழ்க்கையின் துயரத்தைக் கொட்டினாள். எங்கே வலிக்கிறது என்பது நோயாளிக்கே தெரியும், வழிகாட்டுகிறேன் என்று நாம் முன்னே ஓடக்கூடாது என்பதை அந்த வாசற்படியில்தான் ரோஜர்ஸ் கற்றுக்கொண்டார். நிபந்தனையற்ற மதிப்பு, கபடமற்ற இருப்பு, மற்றவன் உள்ளத்தை அவன் உள்ளிருந்தே உணர்தல் என்று 1957-இல் அவர் கோட்பாடாக வகுத்தவை, பழைய ஹாலில் கோட்பாடு என்ற பெயரின்றி நிலவியவைதாம்.

ஆனால் ஒப்புமை இங்கே நிற்க வேண்டும். திருவண்ணாமலைக் கடைவீதியில், ஒரே அட்டைக்குள் மகரிஷியையும் ஆளுமை வளர்ச்சியையும் சேர்த்துக் கட்டிய புத்தகங்கள் தொங்குகின்றன. வெற்றி பெறுவதற்கு ஆத்ம விசாரம் என்றுகூட ஒன்றைக் கண்டேன். ரோஜர்ஸுக்கு ஆளுமை என்பது மலர வேண்டியது: பெற்றோரும் ஊராரும் விதித்த நிபந்தனைகளால் தன்னைப் பற்றி ஒருவன் கட்டிக்கொண்ட பிம்பம் ஒன்று, அவன் மெய்யாக அனுபவிப்பது மற்றொன்று, இரண்டும் இசைந்தால் அவன் முழு மனிதனாகிறான். மகரிஷிக்கோ, இசைந்த அந்த மனிதனும் 'நான்' என்று எழும் ஓர் எண்ணத்தின் மேல் நிற்பவனே. எழும் இடத்தைத் தேடச் சொன்னாரேயன்றி, எழுந்ததைச் செப்பனிடச் சொல்லவில்லை. முன்னவர் வைத்தியர், பின்னவர் வைத்தியரல்லர். இருவரையும் ஒன்றாக்குவது இருவருக்கும் அபசாரம். ஆயினும் பிறருக்கு முன்னால் உட்காரும் விதத்தில் இருவரும் உறவினர் என்பதை நான் மறுக்க மாட்டேன்.

இதற்குச் சாட்சியாக மீண்டும் பிள்ளையவர்களிடமே வருகிறேன். நான் யார் என்று கேட்டு விடை பெற்றவர்; 1910-இல் உத்தியோகத்தையும் விட்டார்; 1913-இல் மனைவியார் காலமானார். அதன்பின் மறுமணம் செய்துகொள்வதா, துறந்துவிடுவதா என்று மனம் அலைக்கழிந்தது. விடை சிலேட்டில் கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன சஞ்சலம் என்று நாம் கேட்கலாம். நமக்குக் கேட்பது எளிது. அவர் நான்கு கேள்விகளைக் காகிதத்தில் எழுதினார்: துக்கங்களெல்லாம் தீர நான் என்ன செய்ய வேண்டும்? நினைத்திருக்கிற பெண்ணோடு கலியாணம் நடக்குமா? நடக்காதென்றால் ஏன்? நடக்குமென்றால் பணத்துக்கு என்ன வழி? ஆத்ம விசாரமும் கலியாணச் செலவும் ஒரே தாளில் அடுத்தடுத்து நிற்கின்றன. அத்தாளைத் தம் கிராமத்துப் பிள்ளையார் கோயிலில் சந்நிதி முன் வைத்து, இரவெல்லாம் விழித்திருந்தார். பிள்ளையார் ஒன்றும் சொல்லவில்லை. சரி, சுவாமியிடமே கேட்டுவிடுவோம் என்று திருவண்ணாமலைக்கு வந்தார்.

வந்தவர் குகையில் உட்கார்ந்தார். இன்று கேட்போம், நாளை கேட்போம் என்று நாட்கள் கழிந்தன. எதிரே இருந்தவர் ஒரு வார்த்தையும் யோசனை சொல்லவில்லை. பெண்ணும் பொன்னும் இன்றி அவர் இருந்த விதத்தைப் பிள்ளையவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் பலரோடு அமர்ந்திருந்தபோது, அவர் திருமுகத்தைச் சூழ்ந்து பேரொளியைக் கண்டதாகவும், கண்ணீர் பெருகியதாகவும் தாமே எழுதிவைத்திருக்கிறார். அதன்பின் ஊருக்குத் திரும்பினார், மறுமணம் செய்துகொள்ளவில்லை, 1948-இல் கண்மூடும் வரை தம் கிராமத்தில் அடக்கமாக வாழ்ந்தார். தாளில் எழுதிக்கொண்டு வந்த நான்கு கேள்விகளில் ஒன்றையும் அவர் கேட்கவில்லை.